ஜெபத்துக்கு நடுவில் விழுந்த அடி: லயத்து வீட்டு அப்பாவும் பையன்களும்

மஸ்கெலியாக்காரன்
தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் குடும்ப ஜெபம் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு பாய், வேதப்புத்தகம், கரண்ட் போனால் மெழுகுதிரி. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும் வேலை. பையன்கள் இரண்டு பேர், 16 வயது, 9 வயது. நல்ல மனுசன். குடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கைக்காசு வேலைக்குக் கூப்பிட்டாலும் ஆராதனையை விட மாட்டார். ஆனால் ஜெபம் முக்கால் மணி நேரம் போகும். அன்றைக்குச் சின்னவன் தூங்கி விழுந்து டிரங்குப் பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டான். சத்தம் கேட்டதும் அப்பா கண்ணைத் திறக்காமலே கையை வீசினார். கன்னத்தில் பட்டது. ஜெபம் நிற்கவில்லை. அடுத்து அவர் வாயில் வந்தது, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல". பெரியவன் கண்ணைத் திறந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து பெரியவன் பரமண்டல ஜெபம் சொல்வதில்லை. உதடுகூட அசையாது. அப்பாவிடம் கேட்டால் யோவான் 15ஐ, பிதா திராட்சைக் கொடியைக் கத்தரித்துச் சுத்தம்பண்ணும் பகுதியைக் காட்டுகிறார். "கவ்வாத்து வெட்டாம செடி துளிர்க்குமா?" என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வது?

மலைக்கத்தி
கவ்வாத்தை வைத்துப் பேசுகிறவர் அதை முழுதாகப் பேச வேண்டும். வெட்டு இரண்டாவது வேலை. முதல் வேலை வேரைப் பார்ப்பது. தேயிலை மலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளைத் தேர்ந்து, பென்சில் பருமன் வேரை எடுத்து, குறுக்காக வெட்டி, வெட்டுமுகத்தில் அயடின் தடவ வேண்டும். கருநீலமாக மாறினால் வேரில் மாச்சத்து இருக்கிறது, வெட்டலாம். மாறவில்லையென்றால் கத்தியை உறையில் போட்டுவிட்டு, கொழுந்தெடுப்பதை நிறுத்தி, செடிக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். காரணம் எளிது. வெட்டிய செடியில் இலை இருக்காது. சாப்பாடு தயாரிக்க வழியில்லை. புதுத் துளிர் வருவது முழுக்க வேரில் சேர்த்துவைத்த சாப்பாட்டில்தான். சேமிப்பில்லாத செடியை வெட்டினால் துளிர் வராது, செடியே செத்துப் போகும்.

வறட்சியில் வெட்டக் கூடாது. மொட்டைக் கத்தியால் வெட்டினால் கிளை பிளக்கும், பிளந்த இடத்தில் தண்ணீர் தங்கும், உளுத்துப் போகும். அதனால்தான் ஒரே வீச்சில் சாய்வாக வெட்டச் சொல்வது. வெட்டி முடித்ததும் மிலாறை, வெட்டி விழுந்த குச்சிகளை, அள்ளி விறகுக்குக் கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. கொஞ்சத்தை வெட்டிய செடிமேலேயே பரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மொட்டைக் கிளையில் வெயில் அடித்துப் பட்டை வெந்துவிடும். இத்தனையும் செய்துவிட்டு, உயர மலையில் மறுபடி கத்தி வைக்க நாலைந்து வருடம் காத்திருக்க வேண்டும். தினமும் ராத்திரி வெட்டுவதற்கு இது கவ்வாத்து இல்லை.

ராத்திரி எட்டரை மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு மலையேறி இறங்கி வந்த ஒன்பது வயசுப் பிள்ளையின் வேரில் என்ன இருக்கும்?

பண்டாரவளை மூத்தவர்
தேயிலைக் கணக்கு சரி. ஆனால் வேதம் பேசுவது திராட்சையைப் பற்றி. தேயிலையை நாம் இலைக்காக வெட்டுகிறோம். திராட்சையைக் கனிக்காக வெட்டுகிறார்கள். முந்தின வருடத்துக் கொடியில் முளைக்கும் புதுத் தளிரில்தான் குலை பிடிக்கும் என்பதால் அங்கே வருடா வருடம் வெட்டு உண்டு. நாலைந்து வருடக் கணக்கை அதில் திணிக்கக் கூடாது. நீதிமொழிகள் 13:24இல் பிரம்பு இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. கண்டிக்கவே கண்டிக்காத அப்பாமாரின் பிள்ளைகள் டவுன் பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்க்கிறோம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வீசிய கை கண்டிப்பு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டிப்பு என்றால் என்ன தப்பு என்று பிள்ளைக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தூக்கம் தப்பில்லை.

மலைக்கத்தி
மூத்தவருக்கு: திராட்சை வேறு, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அடுத்த வசனத்தையும் அந்த அப்பா வாசிக்கட்டும். 2ஆம் வசனத்தில் பிதா கொடியைச் "சுத்தம்பண்ணுகிறார்". 3ஆம் வசனத்தில் ஆண்டவர் சீஷரிடம் சொல்வது: "நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள்." சுத்தம்பண்ணியது சொல். கை இல்லை.

ஓய்வுநாள் டீச்சர்
நீங்கள் இரண்டு பேரும் கத்தியைப் பற்றியே பேசுகிறீர்கள். அடி விழுந்ததற்கு முதல் காரணம் அந்த முக்கால் மணி நேரம். லயத்தில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் குடும்ப ஜெபம் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எப்படி என்று சொல்கிறேன்.

நேரம்: சோறு சாப்பிடுவதற்கு முன். சாப்பிட்ட பிறகு வைத்தால் பெரியவர்களே தூங்குவார்கள். பாட்டு: ஒன்று, இரண்டு சரணம் போதும். வாசிப்பு: பத்து வசனம், அதுவும் பையன் வாசிக்க வேண்டும், அப்பா இல்லை. மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சம்பவம் சம்பவமாக ஓடும், பத்துப் பத்து வசனமாக எடுத்தால் ஏறக்குறைய 70 ராத்திரியில் முடியும். ரோமரில் தொடங்கிய வீடுகள் மூன்றாம் வாரத்திலேயே நின்றுவிடுகின்றன. பிறகு ஒரே ஒரு கேள்வி. "இதிலிருந்து என்ன படித்தாய்?" என்று கேட்கக் கூடாது, பிள்ளை பரீட்சை என்று நினைத்துக்கொள்ளும். "இதில் யார் பயந்தது?" "யாருக்குக் கோபம் வந்தது?" இப்படிக் கேட்டால் ஒன்பது வயசுப் பிள்ளையும் பதில் சொல்லும். தெரியாத சொல் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நீதிமொழிகள் 11:1இல் "சுமுத்திரையான நிறைகல்" என்று வரும். சரியான எடை என்று அர்த்தம். அம்மாவின் கொழுந்து நிறுக்கிற இடத்தை நினைவுபடுத்தினால் போதும், பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான்.

கடைசியில் ஆளுக்கு ஒரு வாக்கியம் ஜெபம். அப்பாவுக்கும் ஒரே வாக்கியம்தான்! அவருக்கு நீண்ட ஜெபம் வேண்டுமென்றால் பிரட்டுக்கு, காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகுமுன் விடியற்காலையில் தனியாகச் செய்யட்டும். இன்னொன்று, பக்கத்துக் காம்பராவுக்கு எல்லாம் கேட்கும். அங்கே மாரியம்மன் படம் வைத்துக் கும்பிடுகிற குடும்பம் இருக்கும். அவர்களைக் குறைசொல்லி சத்தமாக ஜெபித்துவிட்டு, காலையில் அவர்கள் வீட்டில் நெருப்புக் கேட்கப் போகும் பையனுக்கு முகம் எங்கே இருக்கும்?

தலவாக்கலை செபமாலை
எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. செபமாலையில் ஐந்து பத்துமணிகள். முதலாவது அப்பா, அடுத்தது அம்மா, மிச்சத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். இருபது நிமிடத்தில் முடியும். தன் முறை வரும் என்று தெரிந்த பிள்ளை தூங்காது. சிமெந்துத் தரை குளிரும், முழங்காலுக்குச் சாக்கு மடித்துப் போடுங்கள். அப்பாதான் முதலில் முழங்காலில் நிற்க வேண்டும், கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளை முழங்காலிடச் சொல்லக் கூடாது.

அட்டன் 10ஆம் திகதி
ஜெபம் பதினைந்து நிமிடம் என்றால் சம்பளச் சிட்டைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள், மாதம் ஒரு தடவை. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 16 வயசுப் பையனுக்கு விசுவாசம் கண்ணில் தெரிய வேண்டிய இடம் அதுதான். எத்தனை பேர், அதாவது எத்தனை வேலை நாள், விழுந்தது, ஓய்வுக்காலத்துக்குச் சேர்க்கும் சேமலாப நிதிக்கு 8 வீதம் எவ்வளவு பிடித்தது, தோட்டம் 12 வீதம் போட வேண்டும் என்பது, கடைப் பற்று எவ்வளவு என்று வரி வரியாக அவனையே வாசிக்கச் சொல்ல வேண்டும். பற்றை முதலில் எடுத்து வையுங்கள், கடனை வைத்துக்கொண்டு காணிக்கை பெருமை பேசக் கூடாது. தசமபாகம் கொடுக்கும் வீடென்றால் கணக்கைக் காட்டுங்கள். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனபோது அதில் பத்தில் ஒன்று 135. அதை எண்ணி உறையில் போடுவது பையனின் கையாக இருக்கட்டும். லேவியராகமம் 19:13, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்திருக்காதே என்கிறது. நாளைக்கு அவன் கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும்போது அந்த வசனம் அவனுக்கு வேண்டும்.

பண்டாரவளை மூத்தவர்
கேள்வி கேட்டவரை விட்டுவிட்டு எல்லாரும் எங்கோ போய்விட்டோம். கொலோசெயர் 3:21ஐ அந்த அப்பாவிடம் காட்டுங்கள். பிள்ளைகள் திடனற்றுப் போகாதபடி கோபப்படுத்தாதிருங்கள் என்று அப்பாமாருக்கு எழுதியது. பெரியவனின் மூடிய வாய் அந்தத் திடனற்றுப் போனதுதான்.

மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கும் முறை உண்டு. சின்னவனிடம் முதலில், பெரியவன் பார்க்க. அடி விழுந்த அதே பாயில், ஜெபம் தொடங்குமுன். "நான் உன்னை அடிச்சது தப்பு. மன்னிச்சிரு." அவ்வளவுதான். "ஆனா நீயும்..." என்று ஒரு சொல் வந்தாலும் எல்லாம் கெட்டது. அழ வேண்டாம், வசனம் சொல்ல வேண்டாம். மன்னித்தேன் என்று பிள்ளை பதில் சொல்லக் காத்திருக்கவும் வேண்டாம். அன்றைக்கு ஜெபம் ஐந்து நிமிடத்தில் முடியட்டும். பெரியவனைப் பார்த்து "இப்ப சொல்லு" என்று வற்புறுத்தினால் மறுபடியும் பழைய இடம்தான்.

மஸ்கெலியாக்காரன்
எல்லாவற்றையும் வாசித்தேன். நேரம் குறைவாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்துவிட்டது, பெரியவன் மாதக் கடைசியில் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகிறான். சனிக்கிழமை அப்பாவும் அவனும் மிலாறு கட்ட மலைக்குப் போவார்கள். புதிதாக வெட்டிய மலை. வெட்டிய செடிமேல் மிலாறு பரப்பியிருப்பது கண்ணெதிரே கிடக்கும். அயடின் விசயத்தையும் 3ஆம் வசனத்தையும் அங்கே வைத்து அப்பாவிடம் சொல்ல ஆள் இருக்கிறது. பாய் விசயம் அன்றைக்கு ராத்திரி.