கலைச்சொல் விவாதம்: ரொமான்ஸ் நாடகம் – ‘மீட்சி நாடகம்’ எனலாமா?

குழு அன்பர்களுக்கு வணக்கம். ரொமான்ஸ் நாடகத்தை ‘மீட்சி நாடகம்’ எனலாம் என்ற என் கருத்துக்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ஷேக்ஸ்பியரின் கடைசிக் கால நாடகங்களை ரொமான்ஸ் என்கிறார்கள். ‘காதல் நாடகம்’ என்று வைத்தால் போதாதா?

போதாது ஐயா. ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தில் மிராண்டா, பெர்டினாண்ட் காதல் இருக்கிறது. ஆனால் கதை அதைப் பற்றியதல்ல. தம்பி அன்டோனியோவிடம் மிலான் ஆட்சியைப் பறிகொடுத்து, மூன்று வயதுகூட நிரம்பாத மகள் மிராண்டாவோடு கடலில் விடப்பட்டவன் புராஸ்பெரோ. அவன் ஒதுங்கிய தீவில் 12 ஆண்டு கழித்துப் பகைவர்கள் மொத்தமாகக் கையில் சிக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்பதுதான் நாடகம்.

> அப்படியானால் இன்பியலிலேயே (காமெடி) சேர்த்துவிடலாமே?

1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் அப்படித்தான் சேர்த்தார்கள். டெம்பெஸ்ட் இன்பியல் வரிசையில் முதலாவது, ‘வின்டர்ஸ் டேல்’ அதே வரிசையில் கடைசி. ‘சிம்பலின்’ துன்பியலில் (டிராஜடி) போய் விழுந்தது, ‘பெரிக்ளிஸ்’ தொகுப்பிலேயே இல்லை. இழந்தவர்கள் மீண்டும் கூடும் நான்கு கதைகள் இப்படிச் சிதறிக் கிடந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திறனாய்வாளர் எட்வர்ட் டௌடன் அவற்றை ரொமான்ஸ் என்ற பெயரில் ஒன்றுசேர்த்தார்.

> ‘மீட்பியல்’ நல்ல சொல். துன்பியல், இன்பியலோடு ஓசையும் பொருந்துகிறது.

ஓசை பொருந்துகிறது, மறுக்கவில்லை. என் தயக்கம் பொருளில்தான். மீட்பு என்றால் ஒருவர் இன்னொருவரை மீட்பது. மீட்சி என்றால் தானே மீள்வது. புராஸ்பெரோ ஆட்சியை மீட்கிறான், சரி. ஆனால் நாடகத்தின் உச்சம் அவன் சினத்திலிருந்து மீளும் இடம்.

ஐந்தாம் அங்கத் தொடக்கத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். புராஸ்பெரோவின் மந்திரத்தில் கட்டுண்டு கிடப்பவர்களின் நிலையை அவனுக்கு ஏவல் செய்யும் ஆவி ஏரியல் வந்து சொல்கிறது. நாணற்கூரை இறவாரத்தில் குளிர்கால நீர் சொட்டுவதுபோல் முதியவர் கொன்சாலோவின் தாடியில் கண்ணீர் வழிகிறதாம். இப்போது பார்த்தால் உங்கள் மனம் இளகும் என்கிறது. ‘அப்படியா நினைக்கிறாய்?’ என்று புராஸ்பெரோ கேட்கிறான். ‘நான் மனிதனாக இருந்தால் என் மனம் இளகும்’ என்கிறது அந்த ஆவி. வெறும் காற்றான உனக்கே இவர்கள் துயரம் உறைக்கும்போது, இவர்களைப் போலப் பிறந்த எனக்கு உறைக்காதா என்று அங்கேதான் அவன் திரும்புகிறான். பழி தீர்ப்பதைவிட நற்பண்பே அரிய செயல் என்று சொல்வதும் அந்த இடத்தில்தான்.

அப்புறம் கோலும் நூலும். கோலை முறித்து மண்ணில் புதைப்பேன், நூலைக் கடலில் ஆழ்த்துவேன் என்கிறான். அவற்றை மந்திர சக்தியின் குறியீடு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறோம். மிலானில் நூல்களுக்குள் மூழ்கி ஆட்சியைத் தம்பியிடம் விட்டதால்தானே எல்லாம் போயிற்று! வீழ்த்தியதும் நூல்தான், தீவில் வலிமை தந்ததும் நூல்தான். அதைக் கைவிடுவதை மீட்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> எல்லாரும் மீள்வதில்லையே. அன்டோனியோ?

நல்ல கேள்வி. நேப்பிள்ஸ் அரசன் அலான்சோ மன்னிப்புக் கேட்கிறான். அன்டோனியோவோ அண்ணன் மன்னித்ததற்கு ஒரு சொல்கூடப் பதில் சொல்வதில்லை. அதன் பிறகு அவன் வாய் திறப்பது ஒரே தடவை, தீவில் புராஸ்பெரோவுக்கு அடிமையாக இருந்த காலிபனைப் பார்த்து ‘இது மீன், விலைக்குப் போகும்’ என்று சொல்ல. மன்னிப்பைக் கொடுக்க முடியும், அதைப் பெற்று மீள்வது அவரவர் கையில். ‘மீட்சி’ பொருந்துகிறது என்று நான் சொல்வதற்கு இதுவே வலுவான காரணம். காலிபன்கூட இனி அறிவோடு நடப்பேன், அருளை நாடுவேன் என்கிறான். (தீவு அவனுக்கே திரும்பக் கிடைத்ததா என்பதை நாடகம் சொல்லாமல் விடுகிறது. அது தனி இழையில் பேச வேண்டியது.)

ஒரு தடை உண்டு. இயற்பியலில் மீட்சிப் பண்பு (elasticity) என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘நாடகம்’ சேர்ந்து வருவதால் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். ‘மீட்சியியல்’ என்று நீட்டவும் வேண்டாம், நாக்கு சிக்கும்.

‘வின்டர்ஸ் டேல்’ முடிவில் இறந்ததாக நம்பப்பட்டுச் சிலையாக நின்ற அரசி ஹெர்மியோனி 16 ஆண்டுக்குப் பின் அசைந்து வருகிறாளே, அதுபோன்ற இடங்களை ‘மீட்சிக் காட்சி’ என்று குறிக்கலாம். ‘சிம்பலின்’ நாடகத்தில் இச்சொல் எங்காவது இடறுகிறதா என்று, அதைப் பாடமாக நடத்துகிறவர்கள் எழுதுங்கள். பட்டியலில் ஏற்றுவதற்கு முன் அது தெரிய வேண்டும்.