பழைய பதிப்புக்கு ஆதரவை நிறுத்தியபோது என்ன நடந்தது? உங்கள் அனுபவம்

கட்டளைவரி:
சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகள்) படிக்கும் சின்ன பைத்தான் லைப்ரரி எங்களுடையது. பார்த்துக்கொள்வது மூன்று பேர், மூவருக்கும் பகலில் வேறு வேலை. 2019 கடைசியில் பைத்தான் மொழியின் பழைய 2.7 பதிப்புக்கு ஆதரவை நிறுத்தினோம். காரணம் சொல்லத் தேவையில்லை, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்கான யூனிகோட் அதில் படுத்திய பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். முந்தைய ரிலீஸிலேயே எச்சரிக்கை போட்டோம், மேஜர் எண்ணை (பதிப்பு எண்ணின் முதல் பகுதி) ஏற்றினோம், குறைந்தபட்சம் எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லும் 'பைத்தான் ரிக்வயர்ஸ்' வரியில் 3.6 என்று எழுதினோம். அன்று இரவே ஒருவர் இஷ்யூ (புகார்) திறந்தார். அவருடைய 2.7 சர்வரில் புதுப் பதிப்பு இறங்கி, 2.7-க்குத் தெரியாத எஃப்-ஸ்ட்ரிங் இருந்த முதல் வரியிலேயே சின்டாக்ஸ் எரர். பேக்கேஜ்களை நிறுவும் கருவியான பிப், அங்கே இருந்தது பதிப்பு 8. 'பைத்தான் ரிக்வயர்ஸ்' வரியைப் பிப் 9 முதல்தான் படிக்கும். "இதை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், எனக்கு இதை மாற்றத் தெரியாது" என்று முடித்திருந்தார். பழைய பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவச் சொன்னேன், ஓடிவிட்டது. ஆனால் அவரைப் போன்றவருக்கு எங்கள் எச்சரிக்கை எந்த வழியாகப் போய்ச் சேரும்? அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நள்ளிரவுக்கமிட்:
டவுன்லோடு எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். 2.7-இல் பெருங்கூட்டம் இருப்பதாக அது காட்டியதால் நாங்கள் பல மாதம் தள்ளிப்போட்டோம். கடைசியில் நிறுத்தியபோது வந்தது ஒரே ஒரு புகார். ஒரு நிறுவனத்தின் சோதனை இயந்திரம் ஒவ்வொரு கமிட்டுக்கும் (நிரலில் செய்த மாற்றத்துக்கும்) எங்கள் பேக்கேஜைப் புதிதாக இறக்கிக்கொண்டிருந்திருக்கிறது. கூட்டம் என்று நினைத்தது அதைத்தான்.

வேர்க்கிளை:
கட்டளைவரி, நீங்கள் வருந்த வேண்டியதே இல்லை. பிப் 9 வந்தது 2016-இல். மூன்று வருடம் எதையும் அப்டேட் செய்யாத சர்வருக்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாவீர்கள்? எங்கள் குழுவிலும் இதே சண்டை நடந்தது, தேதி வைத்த பிறகுதான் அடங்கியது. நீங்களும் தேதி வையுங்கள். எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பை, 2019 ஜனவரி 1 முதல் புது வசதிகள் பைத்தான் 3-க்கு மட்டும் என்று முன்கூட்டியே அறிவித்தது. பிறகு நெப் 29 என்ற தங்கள் முன்மொழிவு ஆவணத்தில், ஒரு பைத்தான் பதிப்புக்கு 42 மாதம் ஆதரவு என்று கணக்கே வகுத்துவிட்டார்கள். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோவின் 1.11-ஐப் பாருங்கள்: பைத்தான் 2-க்கான கடைசிப் பதிப்பு அதுதான் என்று சொல்லி 2017 ஏப்ரலில் விட்டார்கள், 2020 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தம் கொடுத்தார்கள். நீங்களும் பழைய பதிப்புக்கென்று நிரலின் ஒரு தனிக் கிளையை வைத்துக்கொண்டு, பாதுகாப்பு ஓட்டைகளை மட்டும் மூடுங்கள். அது எதுவரை, யார் பொறுப்பு என்பதை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் தலையிலேயே எழுதுங்கள். பொறுப்பேற்க ஆள் இல்லையென்றால் அந்தக் கிளையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

தேன்சிட்டு:
வேர்க்கிளை, மூன்று பேர் குழுவுக்கு ஜாங்கோவை உதாரணம் காட்டுவது நியாயமா? அங்கே பராமரிப்புக்கென்றே சம்பளம் வாங்கும் ஃபெலோக்கள் இருக்கிறார்கள். எங்களுக்குத் தேதியும் இல்லை, கணக்கும் இல்லை. விண்டோஸ் 7-இல் ஒவ்வொரு ரிலீஸையும் சோதித்தது ஒரே ஒருவர், அவருடைய பழைய லேப்டாப்பில். அது செத்துப்போனது. வேறு யாரிடமாவது மெஷின் இருக்கிறதா என்று குழுவில் கேட்டோம், பதிலே இல்லை. அடுத்த ரிலீஸ் குறிப்பில் விண்டோஸ் 7 ஆதரவு இல்லை என்று எழுதினோம்.