இணைந்த அட்டவணையில் ஒரு நெடுவரிசையை மட்டும் திருத்த விடுவது எப்படி?

வணக்கம். நிரல் எழுதாமல் இணையதளம் அமைக்கும் கருவி ஒன்றில் உறுப்பினர் பட்டியலை அட்டவணையாக வைத்திருக்கிறேன். உள்நுழைந்தவர் தன் வரிசையில் தொலைபேசி எண்ணை மட்டும் அங்கேயே திருத்த வேண்டும். பெயரும் உறுப்பினர் எண்ணும் கைபடாமல் இருக்க வேண்டும். கேட்பது அவ்வளவுதான்.

கட்டத்தைச் சொடுக்கினால் எழுத முடிகிறது. என்டர் தட்டியதும் புதிய எண் தெரிகிறது. பக்கத்தைப் புதுப்பித்தால் பழைய எண் வந்து பல்லிளிக்கிறது. பிழைச் செய்தியாவது வந்தால் தேவலை, அதுவும் இல்லை. உறுப்பினர், கிளை என்ற இரண்டு அட்டவணைகளை இணைத்து ஒன்றாகக் காட்டும் பார்வையிலிருந்து (view) தரவு வரும்போதுதான் இப்படி. உறுப்பினர் அட்டவணையை நேரடியாகக் கொடுத்தால் ஒழுங்காகச் சேமிக்கிறது. எந்த வரிசையை மாற்றுவது என்று கருவிக்குப் புரியவில்லை என்பது என் சந்தேகம். உறுப்பினர் எண் பார்வையில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை முதன்மைத் திறவுகோலாக, அதாவது ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் நெடுவரிசையாகக் குறிக்க அமைப்புகளில் இடம் தென்படவில்லை. எங்கே ஒளிந்திருக்கிறது?

அடுத்தது அனுமதி. இப்போது பிறர் வரிசைகளை வடிகட்டி மறைத்திருக்கிறேன். உலாவியில் மறைப்பது பாதுகாப்பு ஆகாது. சர்வரிலேயே வரிசைவாரியாக அனுமதி வேண்டும். அப்படி அமைத்தவர்கள் விதியை மின்னஞ்சலை வைத்து எழுதினீர்களா, பயனர் எண்ணை வைத்தா? மின்னஞ்சல் மாறக்கூடியது என்பதால் எனக்குத் தயக்கம்.

தொலைபேசி நெடுவரிசையை எண் வகையாக வைத்தால் முன்னால் உள்ள பூஜ்ஜியம் காணாமல் போகும். அதை ஏற்கெனவே உரை வகையாகத்தான் வைத்திருக்கிறேன், அந்தப் பதில் வேண்டாம். அமைப்புத் திரையின் படம் தேவைப்பட்டால் இணைக்கிறேன்.