டார்கெட் எஸ்டிகே 35-க்கு மாற்றியதும் கீபோர்டு கடவுச்சொல் பெட்டியை மறைக்கிறது

எங்கள் ஆண்ட்ராய்டு செயலி முழுவதும் வெப்வியூவில் (செயலிக்குள் வலைப்பக்கத்தைக் காட்டும் பகுதி) ஓடுகிறது. கோட்லின், பழைய எக்ஸ்எம்எல் லேஅவுட். கடந்த வாரம் டார்கெட் எஸ்டிகேயை (செயலி எந்த ஆண்ட்ராய்டு பதிப்பின் விதிகளுக்கு எழுதப்பட்டது என்று சொல்லும் எண்) 34-இலிருந்து 35-க்கு உயர்த்தியது முதல், ஆண்ட்ராய்டு 15 கைபேசிகளில் உள்நுழைவுப் பக்கம் உருக்குலைந்து கிடக்கிறது. மேலே தலைப்புப் பட்டை கடிகாரத்துக்கும் பேட்டரிக் குறிக்கும் அடியில் புகுந்துவிட்டது. கீழே கடவுச்சொல் பெட்டியைத் தொட்டால் கீபோர்டு எழுந்து அந்தப் பெட்டியையே மூடிவிடுகிறது. ஆண்ட்ராய்டு 14-இல் அதே ஏபிகே ஒழுங்காக இருக்கிறது.

எட்ஜ்-டு-எட்ஜ், அதாவது செயலி திரையின் விளிம்புவரை பரவுவது, இனிக் கட்டாயம் என்பது தெரியும். விலக்குக் கேட்கும் வரியைத் தீமில் சேர்த்தால் சரியாகிறது. ஆனால் எஸ்டிகே 36-க்குப் போனபின் ஆண்ட்ராய்டு 16 அதை மதிக்காது. ஆகவே அது வெறும் ஒட்டுவேலை, வேண்டாம். கீபோர்டு வந்தால் பக்கத்தைச் சுருக்கச் சொல்லும் அட்ஜஸ்ட் ரீசைஸ் மேனிஃபெஸ்டில் ஏற்கெனவே இருக்கிறது, பலனில்லை. விண்டோ இன்செட்ஸ் மதிப்புகளை (மேல், கீழ்ப் பட்டைகளும் கீபோர்டும் பிடிக்கும் இடத்தின் அளவு) எடுத்து வெப்வியூவுக்கே பேடிங்காக, அதாவது உள்ளோர இடைவெளியாக, கொடுத்துப் பார்த்தேன். பக்கம் இம்மியும் நகரவில்லை. சிஎஸ்எஸ்ஸில் உயரத்தை டிவிஹெச் அலகுக்கு (பக்கம் தெரியும் பகுதியின் உயரத்தோடு மாறும் அளவு) மாற்றியதும் வீண். எமுலேட்டரிலும் இதே கதைதான்.

கீபோர்டின் உயரத்தை வெப்வியூவைச் சுற்றியுள்ள லேஅவுட்டுக்குப் பேடிங்காகக் கொடுப்பதுதான் சரியான வழியா, அல்லது ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் பக்கத்துக்கே அனுப்ப வேண்டுமா?