கிங்ஸ் ஆஃப் வார்: அன்டெட் படையைப் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு, கட்டி முடித்தவர்களின் அனுபவங்கள்

கிங்ஸ் ஆஃப் வார் என்பது மேசைமேல் சிறு பொம்மைப் படைகளை (மினியேச்சர்) நிறுத்தி ஆடும் போர் ஆட்டம்; அதில் செத்தவர்கள் எழுந்து போரிடும் படைதான் அன்டெட். இதில் பெட்டியை வாங்கிவிட்டு லிஸ்ட் (படைப் பட்டியல்) போடுவது தலைகீழ் வேலை. அலெசியோ கவடோரே எழுதி, மாண்டிக் நிறுவனம் 2010-ல் வெளியிட்ட நாளிலிருந்தே இந்த ஆட்டத்தின் அடிப்படை ஒன்றுதான்: அடிபட்டால் மினியேச்சரை எடுத்து வைப்பதில்லை. யூனிட் (ஒன்றாக நகரும் குழு) முழுசாக நிற்கும், இல்லாவிட்டால் முழுசாக விழும். அதனால் மேசையில் கணக்கில் வருவது பேஸின் (அடிப்பலகையின்) அளவுதான். 20 மி.மீ. பேஸ் கொண்ட எலும்புக்கூடுகள் 20 சேர்ந்த ரெஜிமென்டுக்கு முன்பக்கம் 100, ஆழம் 80 மி.மீ. 40 சேர்ந்த ஹோர்டுக்கு 200-க்கு 80. வாங்கும் முன் இந்த அளவில் அட்டை வெட்டி, மேலே யூனிட் பெயரை எழுதி, இரண்டு ஆட்டம் ஆடிப் பாருங்கள். எந்த யூனிட் உங்கள் கைக்குப் படியவில்லை என்பது காசு செலவழிக்காமலே தெரிந்துவிடும்.

லிஸ்டில் பெரும்பாலோர் சறுக்குவது ஹீரோக்களில். மூன்றாம் பதிப்பில் ஒரு ரெஜிமென்ட் எடுத்தால், ஹீரோ, போர் எந்திரம், மான்ஸ்டர் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்குத்தான் இடம் திறக்கும். ஹோர்டு எடுத்தால் ஒவ்வொன்றிலும் ஒன்று. வேம்பயர், நெக்ரோமேன்சர் (மந்திரவாதி ஹீரோ), கவண் என ஆசைப்பட்டதையெல்லாம் முதலில் வாங்கிவிட்டு, அவற்றைத் தாங்க எலும்புக்கூடு போதவில்லை என்று கடைசியில் நிற்பார்கள். ஆரம்பத்துக்கு எலும்புக்கூடு ரெஜிமென்ட் இரண்டு, ஸோம்பி ஹோர்டு ஒன்று, நெக்ரோமேன்சர் ஒன்று போதும். அடி வாங்கிக்கொண்டு நிற்க ஸோம்பி, அடிக்க வேறு யாராவது. அந்த வேறு யாராவது அடுத்த வாங்கலில் வரட்டும்.

நெக்ரோமேன்சரை விடவே கூடாது. எலும்புக்கூடு, ஸோம்பி போல ஷாம்ப்ளிங் (தள்ளாடும் நடை) விதி உள்ள யூனிட்டுகள் பொதுவாக இரட்டை வேகத்தில் நடக்க முடியாது. அந்தக் குறையை ஈடுகட்டுவது நெக்ரோமேன்சரின் சர்ஜ் மந்திரம். 4-ம் அதற்கு மேலும் விழும் ஒவ்வொரு பகடைக்கும் யூனிட் நேர் முன்னே ஒரு அங்குலம் நகரும். 8 பகடை உருட்டினால் சராசரியாக 4 அங்குலம். இது நகர்வுக்கு அடுத்த ஷூட் கட்டத்தில் நடப்பதால், உங்கள் நகர்வில் எதிரியின் பக்கவாட்டை நோக்கி யூனிட்டைத் திருப்பி வைத்துவிட்டு, அதே முறையில் அவர் பதில் சொல்லும் முன்பே போய் மோதலாம். பக்கவாட்டில் மோதினால் தாக்குதல் பகடை இரட்டிப்பு, பின்பக்கம் என்றால் மும்மடங்கு. அன்டெட் படையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

*

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்: ரெஜிமென்டுக்கு 20 மினியேச்சரும் வேண்டும் என்று நினைத்துப் பலர் மலைத்துப்போகிறார்கள். பாதிக்கு மேல் இருந்தாலே விதி ஏற்கிறது, அதாவது 20-க்கு 11. ஆனால் 11 வைத்தால் பேஸ் மொட்டையாகத் தெரியும். 15 நல்ல எண். முன்வரிசையில் 5, அடுத்து 4, பிறகு 3, கடைசியில் 3. மிச்ச இடத்தில் ஒரு கல்லறைப் பலகையோ பட்ட மரமோ. மூன்று ரெஜிமென்டுக்கு வாங்கியதில் நாலாவது கிடைத்துவிடும். இரண்டாம் வரிசையை முன்வரிசைத் தோள்களுக்கு நடுவில் வரும்படி வைத்தால் நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது கூட்டம் நெருக்கமாகத் தெரியும்.

முன்வரிசைக்கு ஈட்டி வேண்டாம். பேஸுக்கு வெளியே 15 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஈட்டி, எதிரி யூனிட்டோடு பேஸ் ஒட்டும்போது தடுக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒன்று ஒடியும். வாளும் கேடயமும் முன்னால், ஈட்டிகள் இரண்டாம் மூன்றாம் வரிசையில் மேல்நோக்கி. நான்கு மூலைகளையும் பாறை வைத்து மறைக்காதீர்கள். முன்பக்கமா பக்கவாட்டா என்பதை மூலையிலிருந்து 45 பாகையில் கோடு பிடித்துத்தான் தீர்மானிக்கிறோம். மூலை தெரியாவிட்டால் வாக்குவாதம் நிச்சயம்.

பேஸுக்கு 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநார் அழுத்திய பலகை). மெல்லிசான பலகையில் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகாலும் மணலும் பூசினால், அந்தப் பக்கம் காயும்போது இழுத்துப் பலகை வளைந்துவிடும். பெயின்ட் அடித்து, மினி ஒட்டிய பிறகு அந்த வளைவை எடுக்க வழியே இல்லை. முதலில் இரண்டு பக்கமும் ப்ரைமரோ வார்னிஷோ அடித்துக் காயவிடுங்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகால், மேலே மணல். லேசாகக் காய்ந்ததும் பாலித்தீன் தாள் போட்டு மேலே கனமான புத்தகங்கள், ஒரு ராத்திரி.

மினியை ஒட்டும் இடத்தில் மணலைச் சுரண்டிப் பலகையைத் தெரியவையுங்கள். இதை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். மணல் மேலேயே சூப்பர் க்ளூ வைத்தால் பாதம் நன்றாகத்தான் பிடிக்கும். ஆனால் கை பட்டால் மணலோடு பெயர்ந்து வரும். ஒட்டுமுன் ப்ளூ டேக் (ஒட்டி எடுக்கக்கூடிய மெழுகு மாதிரிப் பசை) வைத்து எல்லாரையும் நிறுத்திப் பார்த்து, பாதத்துக்கு அடியிலும் பலகையிலும் ஒரே எண்ணைப் பென்சிலில் எழுதிக்கொள்ளுங்கள். ஒருவன் கை இன்னொருவன் மண்டையில் இடிப்பதெல்லாம் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

*

பெயின்ட் விஷயம் நான் சொல்றேன். பேஸ்ல ஒட்டின பிறகு நடு வரிசைக்கு பிரஷ் போகாது. அதனால ஐஸ்க்ரீம் குச்சி ஒண்ணுக்கு அஞ்சு மினின்னு ப்ளூ டேக்ல நிக்க வெச்சு, அடிச்சு முடிச்சுட்டு அப்புறம் ஒட்டுங்க.

முதல்ல அஞ்சே அஞ்சு முழுசா முடிங்க. நிறம், துரு, கேடயம் எல்லாம். எந்த வரிசைல எது அடிச்சோம்னு எழுதி வெச்சுக்கோங்க. மூணு மாசம் கழிச்சு அடுத்த ரெஜிமென்ட் அடிக்கும்போது அந்தச் சீட்டு இல்லன்னா பழுப்பு மாறிடும்.

எலும்புக்கு வ்ரெய்த்போன் ஸ்ப்ரே, மேல ஸ்கெலிட்டன் ஹோர்ட் கான்ட்ராஸ்ட் (குழியில தானா ஓடி நிழல் குடுக்கற தண்ணியான பெயின்ட்). அவ்வளவுதான். காஞ்சதும் வெளிர் எலும்பு நிறத்துல ட்ரை பிரஷ். பிரஷ்ல இருக்கறதை டிஷ்யூல துடைச்சு, இனி பெயின்டே இல்லைன்னு தோணற வரைக்கும் துடைச்சுட்டு அப்புறம் தடவுங்க. விலா எலும்பு ஒவ்வொண்ணும் தனியா எழுந்து நிக்கும். கான்ட்ராஸ்ட் அடிக்கும்போது கண்குழியிலயும் இடுப்பெலும்புலயும் தேங்கும். அது ஈரமா இருக்கறப்பவே சுத்தமான பிரஷ் முனையை வெச்சு உறிஞ்சிடணும். பாதி காஞ்சப்புறம் தொட்டா வளையம் வளையமா கறை விழும்.

ஸ்ப்ரே டப்பாவை முழுசா ரெண்டு நிமிஷம் குலுக்கி, 20லருந்து 30 செ.மீ. தூரத்துலருந்து விட்டு விட்டு அடிங்க. தூரம் கூடினா பெயின்ட் காத்துலயே காஞ்சு மணல் மாதிரி ஒட்டும், கிட்ட போனா பல் இடுக்கு அடைஞ்சுடும். சென்னை, கொழும்பு மாதிரி ஊர்ல மழைக்காலத்துல மேட் வார்னிஷ் ஸ்ப்ரே பக்கமே போகாதீங்க. ஈரக்காத்துல வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆயிடும், கறுப்புத் துணியில இன்னும் மோசமாத் தெரியும். பிரஷ்ல தடவற வார்னிஷ் நல்லது.

*

ரெசின் (அச்சில் வார்த்த பிசின்) மினி வாங்கினவர்களுக்கு மட்டும்: பிளாஸ்டிக் சிமென்ட் ரெசினில் வேலை செய்யாது. அது பிளாஸ்டிக்கை உருக்கித்தான் ஒட்டவைக்கிறது, ரெசின் அதில் உருகாது. சூப்பர் க்ளூதான். அதற்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய எண்ணெய் மிச்சமிருந்தால் ப்ரைமர் தோல் தோலாக உரியும். வளைந்த வாளைச் சுடுநீரில் கொஞ்ச நேரம் பிடித்து, கையால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். சூடு ஆறும்வரை சும்மா வைத்தால் பழைய வளைவுக்கே திரும்பும்.

எடுத்துப்போக, பேஸின் அடியில் காந்தத் தாளை ஒட்டி, இரும்புத் தகடு போட்ட டப்பாவில் வைக்கலாம். தாளை 100-க்கு 80 அளவிலேயே வெட்டாமல் எல்லாப் பக்கமும் ஒரு மி.மீ. குறைத்து வெட்டுங்கள். ஓரம் வெளியே நீண்டால் பக்கத்து யூனிட்டோடு ஒட்டி நிற்காது.