புதுப்பிப்பு: அம்மாவோடும் பிள்ளைகளோடும் புறாத்தீவு

நீந்தத் தெரியாத அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள புறாத்தீவுக்குக் கூட்டிப்போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். தாராளமாகப் போகலாம், ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்தான் தூரம். வெயில் ஏற ஏறக் காற்றும் எழும்பிவிடுகிறது, திரும்பும்போது படகு நன்றாகவே ஆடியது.

சுறா கடிக்குமா என்று கேட்டவர்களுக்கு: செட்டை நுனி கறுத்த சுறாக்கள் உண்மையிலேயே அங்கே இருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் மகள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். மணலோடு மணலாக ஒன்று வளைந்து வந்தது, எங்கள் நிழல் பட்டதும் சட்டென்று திரும்பிப் போய்விட்டது. கூச்ச சுபாவமுள்ள மீன், துரத்தாமல் விட்டால் போதும். அம்மா லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்தபடியே கிளிமீன்களைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைக் கண்டு எவ்வளவு காலம்!

மனம் நொந்த விஷயமும் உண்டு. 2003இலிருந்து இது தேசியப் பூங்கா. அப்படியிருந்தும் உயிருள்ள முருகைக்கல்லின் (பவளப்பாறையின்) மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள். ஒரு விரலளவு வளரவே அதற்கு வருடங்கள் வேண்டும். தயவுசெய்து மிதியுங்கள் மணலை மட்டும். சன்ஸ்கிரீனும் முருகைக்கல்லுக்குக் கெடுதல்தான், அதற்குப் பதிலாக முழுக்கைச் சட்டை போடுங்கள்.

அப்புறம், டிசம்பரில் வரலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை வாருங்கள், திமிங்கிலம் பார்க்கவும் வாய்ப்பிருக்கிறது.