ஆஸ்துமா பம்ப் அடித்துக் காட்டச் சொன்ன டாக்டர்

செந்தூல் அம்மா:

2019 செப்டம்பர், கோலாலம்பூரில் புகைமூட்டம் தலைக்கு மேல் நின்ற நேரம். எங்கள் பிளாட்டிலிருந்து பார்த்தால் எதிர் பிளாக்கே தெரியாது. மகனுக்கு அப்போது 7 வயது. இரண்டு வயதிலிருந்தே அவனுக்கு இழுப்பு. மாதத்தில் ஓர் இரவாவது 24 மணி நேர கிளினிக்குக்கு ஓடுவோம். மாஸ்க் மாட்டி மருந்தைப் புகைபோல விடும் காஸ் வைப்பார்கள், நெஞ்சு இளகும். இருமல் மருந்து ஒன்று, இழுப்பு வந்தால் அடிக்கிற நீலப் பம்ப் (இன்ஹேலர்) ஒன்று வாங்கிக்கொண்டு விடியற்காலையில் வீடு வந்து சேருவோம். ஐந்து வருடம் இதே பாடு. அந்த டாக்டர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் ஒருவர்கூடப் பம்பை எங்கள் கையில் கொடுத்து, "எப்படி அடிப்பீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டதில்லை.

அந்த வாரம் அரசாங்க கிளினிக்கில் ஒரு மலாய்க்கார டாக்டரம்மா பார்த்தார். முதல் கேள்வியே, "புவான் (மேடம்), இந்த நீலப் பம்ப் ஒன்று எத்தனை நாளுக்கு வரும்?" ஒரு மாதம் என்று பெருமையாகச் சொன்னேன், சிக்கனமாகப் பயன்படுத்துகிறோம் என்ற நினைப்பில். ஒரு பம்பில் 200 அடி என்று சொல்லி, அவர் ஒரு தாளில் 200ஐ 30ஆல் வகுத்துக் காட்டினார். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. "இது கட்டுக்குள் இருக்கிற ஆஸ்துமா இல்லை, புவான்."

அப்புறம் மகனிடம் பம்பைக் கொடுத்தார். பையன் வாயைப் பாதி திறந்து ஒரே அமுக்கு. வெள்ளைப் புகை உதட்டோரமாக வெளியே போனது. அவன் மூச்சை இழுத்ததோ மூக்கால். ஐந்து வருட மருந்து எங்கே போயிருக்கும் என்று அந்த ஒரு நொடியில் புரிந்தது.

கடைசியாக, "இந்த மருந்துகளில் எதை நினைத்தால் உங்களுக்குப் பயம்?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன். தடுப்புக்கு முன்பே ஒரு பழுப்புப் பம்ப் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் மாமியார் அதை அலமாரிக்குள் பூட்டிவிட்டார். பிள்ளை வளரமாட்டான், பம்புக்கு அடிமையாகிவிடுவான் என்று. நானும் எதிர்த்துப் பேசவில்லை, எனக்கும் அதே பயம்தான். டாக்டரம்மா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. உயரம் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம், ஆனால் இரவெல்லாம் மூச்சுக்குப் போராடுகிற பிள்ளை அதைவிட அதிகம் இழக்கிறான் என்றார். அடிமையாக்குகிற மருந்தே இல்லை இது என்றும் சொன்னார். மறுநாளே மாமியாரையும் கூட்டிப்போய் அதையே கேட்க வைத்தேன்.

மொத்தம் கால் மணி நேரம் ஆகியிருக்கும். இப்படிக் கேட்க இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பட்டர்வொர்த் அப்பா:

எங்களுக்கு நேர்மாறு, அக்கா. ஒரு கிளினிக்கில் மகளைத் தொட்டுப் பார்க்காமலே, "ஐஸ் தண்ணி குடுக்காதீங்க, பூனை வளர்க்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் பூனையே இல்லை! ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் காஸ் வைக்காமல், ஸ்பேசரில் (பம்பை மாட்டி மூச்சிழுக்கிற பிளாஸ்டிக் குழாய்) பம்ப் அடித்தே அனுப்புகிறார்களே, செலவை மிச்சம் பிடிக்கிறார்களா?

கிளினிக் எம்.ஓ. (மெடிக்கல் ஆபிசர்):

மிச்சம் பிடிக்கவில்லை, அண்ணே. மிதமான இழுப்புக்கு ஸ்பேசர் வைத்து அடிக்கிற பம்ப் காஸுக்குச் சளைத்ததில்லை, நெஞ்சுப் படபடப்பும் குறைவு. கோவிட் வந்தபோது காஸ் மிஷினால் கிருமி பரவும் என்று பல இடங்களில் அதைக் குறைத்தார்கள், அப்படியே பழக்கம் மாறியது. உதடு நீலமாகிற, பேச முடியாத பிள்ளையின் கதை வேறு. அவனுக்கு ஆக்சிஜன் வேண்டும், உடனே எமர்ஜென்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

செந்தூல் அக்கா கேட்டதற்கு வருகிறேன். அப்படிக் கேட்பது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய விஷயம். மருந்தின் பெயரும் அளவும் மருத்துவப் படிப்பில் வந்துவிடும், தாயிடம் பயத்தைப் பற்றிக் கேட்பது வராது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நோரீன் கிளார்க் குழுவினர் இதற்கென்றே ஒரு பயிற்சி அமைத்தார்கள். குழந்தை டாக்டர்கள் 74 பேரை வைத்து அதைச் சோதித்த முடிவு 1998இல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள் பெற்றோரின் பயத்தைப் பற்றி அதிகம் பேசினார்கள், இழுப்பு வந்தால் வீட்டில் மருந்தை எப்படிக் கூட்டுவது என்று எழுதிக் கொடுத்தார்கள். "வரிசையில் அறுபது பேர் நிற்கிறார்கள், இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று நாங்கள் சொல்வோமே, பயிற்சி பெற்ற அவர்களுக்கு ஒரு பிள்ளையைப் பார்க்கக் கூடுதல் நேரம் ஆகவில்லை.

எனக்குக் கிடைத்த பயிற்சி சின்னது, ஒரு மதியம்தான். என்னைத் தாயாக நடிக்கச் சொன்னார்கள், சக டாக்டர் எனக்கு வைத்தியம் பார்த்தார். அவர் கேட்டதெல்லாம் "மருந்து ஒழுங்கா குடுக்கிறீங்களா?" ரகம். ஆமாம் என்பதைத் தவிர எந்தத் தாய் வேறு என்ன சொல்வாள்? "நேற்று ராத்திரி என்ன நடந்தது, சொல்லுங்க" என்று மாற்றிக் கேட்டதும் எனக்கே பேச்சு வந்துவிட்டது. அப்புறம் எல்லாரையும் பம்ப் அடித்துக் காட்டச் சொன்னார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் குலுக்கவே மறந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பார்மசிஸ்ட் சிரித்துவிட்டு, முதலிலிருந்து சொல்லித்தந்தார். குலுக்கு, ஸ்பேசரில் மாட்டு, ஒரு தடவை அமுக்கு, ஐந்தாறு மூச்சு, திரும்பவும் குலுக்கு. இரண்டு தடவை சேர்த்து அமுக்கினால் மருந்து ஸ்பேசருக்குள்ளேயே படிந்துவிடும். பழுப்புப் பம்ப் என்றால் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

அண்ணே, அடுத்த முறை அவர்கள் கேட்கக் காத்திருக்காதீர்கள். ஸ்பேசரையும் பம்பையும் பையில் எடுத்துப்போய், "இவள் அடிக்கிறது சரியா பாருங்க, டாக்டர்" என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். இழுப்பு வந்தால் எத்தனை அடி, எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது கிளம்புவது, மூன்றையும் தாளில் எழுதி வாங்குங்கள்.

ஆயர் ஈத்தாம் பாட்டி:

பேத்திக்கு நான்தான் அடித்துவிடுகிறேன். ஸ்பேசரைக் கழுவித் துணியால் நன்றாகத் துடைத்து வைக்கிறேன். சரிதானே, டாக்டர் தம்பி?

செந்தூல் அம்மா:

தம்பி வருவதற்குள் நான் சொல்லிவிடுகிறேன், பாட்டி. பிளாஸ்டிக் ஸ்பேசரைத் துடைக்கக் கூடாதாம். துணி உரசினால் உள்ளே மின்சாரம் மாதிரி ஏறி, மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து அப்படியே காயவிடச் சொன்னார்கள். மகனுக்கு இப்போது மீசை அரும்புகிறது, ஸ்பேசரை அவனே கழுவிக்கொள்கிறான். மாமியார் கையில் துணியோடு போனால், "பாட்டி, துடைக்காதீங்க!" என்று அறையிலிருந்தே கத்துவான். எங்கள் வீட்டில் அது கரண்டிகளுக்குப் பக்கத்தில் தலைகீழாகத்தான் காய்கிறது.